காதுக்கு மூன்று, கண்ணுக்கு ஐந்து: பிரெஞ்சின் ஒழுங்கான வினை

பிரெஞ்சு வினைத்திரிபு அட்டவணையைப் பார்த்ததும் எல்லோரும் மிரள்வது அதன் எண்ணிக்கையைக் கண்டுதான். ‘பேசு’ என்று பொருள்படும் ‘பர்லே’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். ஆந்திகாதிஃப் என்னும் செய்தி கூறும் வகையில் எட்டுக் காலங்கள், நிபந்தனை வகையான கோந்திஸியோனெலில் இரண்டு, விருப்பம், தேவை போன்றவற்றின் பின் வரும் வகையான ஸுப்ஜோன்க்திஃபில் நான்கு. ஒவ்வொன்றுக்கும் தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மை என்று ஆறு கட்டங்கள். ஏவல் வகையான ஆம்பேராதிஃபில் இரண்டு காலங்கள், மும்மூன்று கட்டங்கள். மொத்தம் 90. இத்தனையையும் உருப்போட வேண்டுமோ என்ற பயம் வருவது இயல்பு.

வேண்டாம். அந்த 90இல் சரிபாதி, அதாவது 45, கூட்டு வடிவங்கள். அவற்றில் பர்லே வினையின் பங்கு மாறாத ஒரே ஒரு சொல், மாறுவதெல்லாம் துணைவினை. மீதி 45உம் ஒரே பகுதியின் மேல் சில விகுதிகளை ஒட்டினால் வந்துவிடும். ஒழுங்கான வினையில் உண்மையான தொல்லை வடிவங்களின் எண்ணிக்கையில் இல்லை. காதில் விழுவதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாததில் இருக்கிறது. அதனால் ஒலியைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் படிப்பதே நல்ல வழி என்பது என் கட்சி. முதலில் ஒலி, பிறகு எழுத்து.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு. எழுத்துக்கூட்டலைச் சொல்லும்போது ஆங்கில எழுத்துப் பெயர்களையே தருகிறேன்: ஈ, ஆர், எஸ் என்று. ‘டீ’ என்று நீட்டினால் அகரவரிசையின் இருபதாவது எழுத்து. ஃஸ என்று எழுதினால் ‘ஜிப்’ என்று சொல்லும்போது படித்தவர்கள் வாயில் வரும் அதிர்வுள்ள ஒலி. ‘பர்லே’ என்று நெடிலில் முடித்தால் உதட்டை இழுத்துச் சொல்லும் இறுக்கமான ஏ. ‘பர்லெ’ என்று குறிலில் முடித்தால் வாயைச் சற்றுத் திறந்து சொல்லும் தளர்ந்த எ. ‘ஓன்’, ‘ஆன்’ என்று முடிபவற்றில் னகரத்தை உச்சரிக்கக் கூடாது. மூச்சு மூக்கு வழியாகவும் போக வேண்டும், அவ்வளவுதான். பேச்சுத்தமிழில் ‘வந்தோம்’ என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடாமல், மகரம் மறைந்து, மூக்கொலி மட்டும் நிற்கும். அதே ஒலிதான்.

நிகழ்காலமான ப்ரேஸானில் தொடங்குவோம். ‘பர்லே’ என்ற அகராதி வடிவம் ஈ-ஆர் என்று முடியும். அந்த இரண்டு எழுத்தை வெட்டினால் கிடைப்பது ‘பர்ல்’ என்ற பகுதி. சொல்லிப் பார்த்தால்:

ஜெ பர்ல் (நான்)
த்யு பர்ல் (நீ)
இல் பர்ல், எல் பர்ல் (அவன், அவள்)
நூ பர்லோன் (நாங்கள், நாம்)
வூ பர்லே (நீங்கள்)
இல் பர்ல், எல் பர்ல் (அவர்கள்)

காதுக்கு மூன்றே வடிவங்கள்: பர்ல், பர்லோன், பர்லே. எழுதும்போது ஐந்து. நானுக்கும் அவனுக்கும் ஈ, நீக்கு ஈ-எஸ், நாங்களுக்கு ஓ-என்-எஸ், நீங்களுக்கு ஈ-இஸட், அவர்களுக்கு ஈ-என்-டீ. கடைசியாகச் சொன்ன ஈ-என்-டீயை வாய்விட்டுப் படிப்பதுதான் தொடக்க மாணவரின் முத்திரைப் பிழை. ‘பர்லான்’ என்று படித்துவிடுவார்கள். வினையின் கடைசியில் வரும் இந்த மூன்று எழுத்தும் முழு ஊமை. பெயர்ச்சொல்லிலோ வினையடையிலோ இதே மூன்று எழுத்து வந்தால் ‘ஆன்’ என்று ஒலிக்கும்; வினைப் பன்மையில் ஒருபோதும் ஒலிக்காது.

தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ உள்ளே இருக்கிறது. எழுவாயைத் தூக்கிப் போட்டாலும் குடி முழுகாது. பிரெஞ்சில் ‘பர்ல்’ என்று மட்டும் சொன்னால் யார் பேசுவது என்றே தெரியாது. அது ஏவலாகக்கூடக் கேட்கும். விகுதி செய்ய வேண்டிய வேலையை அங்கே முன்னால் நிற்கும் பிரதிப்பெயர் செய்கிறது. எனவே ‘ஜெ’, ‘த்யு’வை விட்டுவிட்டு வினையை மட்டும் ஒப்பிக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். எப்போதும் இரண்டையும் சேர்த்தே ஒப்பியுங்கள்.

நூ வடிவத்துக்கு நமக்கு ஒரு இலவசப் பிடிமானம் இருக்கிறது. பேசினோம், பேசுவோம், பேசுகிறோம்: பேச்சில் எல்லாமே மூக்கொலி ஓவில் முடிகின்றன. பர்லோனும் அப்படியே. பொருளும் அதே தன்மைப் பன்மை. தற்செயல்தான், ஆனாலும் மறக்காது. இன்னொன்று: அன்றாடப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் நூவுக்குப் பதிலாக ‘ஓன்’ என்பதையே அதிகம் சொல்வார்கள். பொருள் நாம், வினை மட்டும் அவனுக்குரியது: ஓன் பர்ல். இதையும் கணக்கில் எடுத்தால் பேச்சில் நான்கு பிரதிப்பெயர்கள் ‘பர்ல்’ என்ற ஒரே ஒலியைப் பகிர்வது போய், ஐந்து ஆகிவிடுகிறது.

உயிரெழுத்தில் தொடங்கும் வினை என்றால் காது கொஞ்சம் தப்பிக்கும். ‘நேசி’ என்ற ‘எமே’யைப் பாருங்கள். ‘ஜெ’ சுருங்கி ‘ஜெம்’ ஆகிறது. அவன் நேசிக்கிறான் ‘இல் எம்’. அவர்கள் நேசிக்கிறார்கள் ‘இல் ஃஸெம்’. பன்மைப் பிரதிப்பெயரின் ஊமை எஸ், அடுத்து உயிர் வந்ததும் விழித்துக்கொண்டு ஃஸ் என்று ஒலிக்கிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் காதில் விழும் ஒரே வேறுபாடு அதுதான். அதை விழுங்கினால் எதிரில் இருப்பவருக்கு ஒருவரா பலரா என்று புரியாது.

பகுதியும் இடைநிலையும்

நம் இலக்கணத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு அடுத்த கட்டம் பழகிய விஷயம். பேசு + கிற் + ஏன்: பகுதி, காலம் காட்டும் இடைநிலை, ஆளைக் காட்டும் விகுதி. பிரெஞ்சு வினையையும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம். அட்டவணையாகப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இறந்தகாலத்தில் தொடர்ச்சியைக் காட்டும் ஆம்பர்ஃபெயை எடுங்கள். நிகழ்கால நூ வடிவத்தில் ஓ-என்-எஸ்ஸை நீக்கினால் வரும் பகுதியின் மேல் விகுதிகள் ஏறுகின்றன. ஜெ பர்லெ, த்யு பர்லெ, இல் பர்லெ, நூ பர்லியோன், வூ பர்லியே, பன்மை இல் பர்லெ. எழுத்தில் நானுக்கும் நீக்கும் ஏ-ஐ-எஸ், அவனுக்கு ஏ-ஐ-டீ, அவர்களுக்கு ஏ-ஐ-ஈ-என்-டீ. ஒலி நான்குக்கும் ஒன்றே. நூவிலும் வூவிலும் நிகழ்கால விகுதிக்கு முன்னால் ஒரு ஐ மட்டும் நுழைகிறது. அந்த ஐதான் இறந்தகால இடைநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்ல் + இய் + ஓன். இந்த விதிக்குப் பிரெஞ்சு மொழி முழுவதிலும் விலக்கு ஒரே ஒரு வினை, ‘இரு’ எனப்படும் ‘எத்ர்’. மற்ற எல்லா ஒழுங்கற்ற வினைகளும்கூட ஆம்பர்ஃபெயில் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

எதிர்காலமான ஃப்யுத்யுருக்குப் பகுதியை வெட்டவே வேண்டாம். அகராதி வடிவம் முழுதாக நிற்க, அதன் மேல் விகுதி. ஜெ பர்லெரே, த்யு பர்லெரா, இல் பர்லெரா, நூ பர்லெரோன், வூ பர்லெரே, பன்மை இல் பர்லெரோன். எழுத்தில் வரிசையாக ஏ-ஐ, ஏ-எஸ், ஏ, ஓ-என்-எஸ், ஈ-இஸட், ஓ-என்-டீ. இந்த விகுதிகளை எங்கோ பார்த்தது போல் இருக்கிறதா? ‘உடைத்திரு’ என்ற பொருளுள்ள ‘அவ்வார்’ வினையின் நிகழ்கால வடிவங்களின் வால்கள் இவை. லத்தீனின் பிற்காலப் பேச்சில் ‘பேச உடையேன்’ என்பது போல் இரு சொல்லாக இருந்தது ஒட்டி ஒரு சொல்லானதால் வந்த விளைவு. அவ்வாரின் நிகழ்காலம் எப்படியும் தெரிந்தாக வேண்டும். அது தெரிந்தால் எதிர்காலம் கூலி இல்லாமல் வரும்.

ஒலியில் இங்கேயும் மூன்றே: ரே, ரா, ரோன். ஆனால் சோடி சேரும் விதம் வேறு. நானும் நீங்களும் ஒன்று, நீயும் அவனும் ஒன்று, நாங்களும் அவர்களும் ஒன்று. நிகழ்காலத்தில் அவர்களுக்கு ஊமையாக இருந்தது இங்கே ‘ரோன்’ என்று வாய் திறக்கிறது.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள். எதிர்காலப் பகுதி, ஆம்பர்ஃபெ விகுதி. ஜெ பர்லெரெ, த்யு பர்லெரெ, இல் பர்லெரெ, நூ பர்லெரியோன், வூ பர்லெரியே, பன்மை இல் பர்லெரெ. இதுதான் கோந்திஸியோனெல்: ‘பேசுவேனே, ஆனால்...’ என்று நிபந்தனையில் தொங்கும் வடிவம். புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. இடைநிலை இரண்டு, அவ்வளவே: பர்ல் + எர் + இய் + ஓன். இறந்தகாலத்தில் நின்று பார்த்த எதிர்காலம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘பேசுவேன் என்று சொன்னான்’ என்பதற்கு ‘இல் ஆ தி கில் பர்லெரெ’. பழைய பாடநூல்கள் இதைத் தனி வகையாக வைத்தன; இன்றைய இலக்கணங்கள் பல இதை ஆந்திகாதிஃபுக்குள்ளேயே சேர்த்துவிடுகின்றன. அமைப்பைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி.

இங்கே தொல்லை தருவது முதல் கட்டம். ‘ஜெ பர்லெரே’ எதிர்காலம், ஏ-ஐ. ‘ஜெ பர்லெரெ’ கோந்திஸியோனெல், ஏ-ஐ-எஸ். இறுக்கமான ஏ, தளர்ந்த எ என்ற வேறுபாட்டைப் பல பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் காப்பதில்லை. எழுதும்போது குழப்பம் வந்தால் ஆளை மாற்றுங்கள்: நானை எடுத்துவிட்டு நூவை வையுங்கள். ‘பர்லெரோன்’ பொருந்தினால் எதிர்காலம், எஸ் வேண்டாம். ‘பர்லெரியோன்’ பொருந்தினால் எஸ் போடுங்கள்.

‘ஆல்’ என்ற எச்சம் வரும் நிபந்தனைத் தொடர்களில் நம்மவர் தவறுவது அதிகம். பிரெஞ்சில் ‘ஸி’ (-ஆல்) நிற்கும் பக்கத்தில் எதிர்காலமும் வரக் கூடாது, கோந்திஸியோனெலும் வரக் கூடாது. ஸி-க்குப் பின் நிகழ்காலம் என்றால் மறுபக்கம் எதிர்காலம். ஸி-க்குப் பின் ஆம்பர்ஃபெ என்றால் மறுபக்கம் கோந்திஸியோனெல். ‘நீ பேசினால் நான் பேசுவேன்’ என்ற ஒரே தமிழ்த் தொடருக்கு, நடக்கக்கூடியது என்றால் ‘ஸி த்யு பர்ல், ஜெ பர்லெரே’. வெறும் கற்பனை என்றால் ‘ஸி த்யு பர்லெ, ஜெ பர்லெரெ’. தமிழ் இந்த வேறுபாட்டை வினையில் காட்டுவதில்லை என்பதால், எழுதும் முன் எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் ‘ஸிகளுக்கு ரெக்களைப் பிடிக்காது’ என்று ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள்; கடன் வாங்கலாம்.

ஆனால் ‘கான்’ (எப்போது, -ம்போது) என்ற சொல்லுக்கு அந்தத் தடை இல்லை. ‘நீ பேசும்போது’ என்பது வருங்காலத்தைக் குறித்தால் அங்கே எதிர்காலமே வர வேண்டும்: கான் த்யு பர்லெரா. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்கள் இங்கே நிகழ்காலம் போட்டுவிடுகிறார்கள்.

கூட்டு வடிவங்கள்

பேசி + இருந்தேன் = பேசியிருந்தேன். வினையெச்சம் அசையாமல் நிற்க, காலமும் ஆளும் ‘இரு’வின் மேல் ஏறுகின்றன. பிரெஞ்சும் இதையே செய்கிறது, வரிசை மட்டும் தலைகீழ்: துணைவினை முன்னால், மாறாத சொல் பின்னால். அந்த மாறாத சொல் பர்திஸிப் பாஸே. ஈ-ஆரை நீக்கி, தலையில் வலப்புறம் சாய்ந்த கோடு போட்ட ஈயை வைத்தால் ‘பர்லே’. அகராதி வடிவமும் ‘பர்லே’ என்றுதான் ஒலிக்கிறது, நீங்கள்-வடிவமும் ‘பர்லே’. இதற்குப் பின்னர் வருகிறேன்.

நிகழ்கால அவ்வாரோடு சேர்ந்தால் பாஸே கோம்போஸே, பேச்சின் சாதாரண இறந்தகாலம்: ஜே பர்லே, த்யு ஆ பர்லே, இல் ஆ பர்லே, நூ ஃஸாவோன் பர்லே, வூ ஃஸாவே பர்லே, இல் ஃஸோன் பர்லே. கடைசியில் ஃஸ் அதிர வேண்டும். அதிராமல் ‘இல் ஸோன்’ என்றால் அது ‘இருக்கிறார்கள்’ என்ற வேறு வினை. தமிழில் இந்த இரண்டு ஒலியும் பிரிந்து நிற்காததால் நமக்கு இது காதிலும் தப்பும், வாயிலும் தப்பும். எதிர்மறை என்றால் துணைவினையைத்தான் ‘நெ’, ‘பா’ என்ற இரு சொற்களும் இருபுறமும் அணைக்க வேண்டும்: ஜெ நே பா பர்லே. ‘பா’வைக் கடைசியில் கொண்டுபோய்த் தொங்கவிடாதீர்கள்.

துணைவினையின் காலத்தை மாற்றிக்கொண்டே போனால் மற்றவை வரும். ஜாவெ பர்லே, பேசியிருந்தேன். ஜோரே பர்லே, (அதற்குள்) பேசியிருப்பேன். ஜோரெ பர்லே, (முடிந்திருந்தால்) பேசியிருப்பேன். பின்னிரண்டுக்கும் தமிழில் ஒரே வடிவம் என்பதைக் கவனியுங்கள். மொழிபெயர்க்கும்போது கால் தடுக்கும் இடம் இது. ‘நீ சொல்லியிருந்தால் பேசியிருப்பேன்’ என்பதில் ஸி பக்கம் ‘த்யு ஆவெ’, மறுபக்கம் ‘ஜோரெ பர்லே’. ‘அவன் இந்நேரம் பேசியிருப்பான்’ என்று ஊகிக்கும்போது ‘இல் ஓரா பர்லே’. ஊகத்துக்கு எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்தும் வழக்கம் இரு மொழிக்கும் பொது.

பாஸே கோம்போஸேயா, ஆம்பர்ஃபெயா என்ற கேள்வியில் ஒரு தவறான அறிவுரை பரவலாக இருக்கிறது: நீண்ட செயலுக்கு ஆம்பர்ஃபெ, குறுகிய செயலுக்குப் பாஸே கோம்போஸே என்று. நீளம் பொருட்டே அல்ல. ‘இரண்டு மணி நேரம் பேசினார்’ என்பது ‘இல் ஆ பர்லே பான்தான் தெ ஃஸோர்’. எல்லை கட்டியாயிற்று, பேச்சு முடிந்தது. ‘அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் நுழைந்தேன்’ என்பதில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, நுழைவு அதை வெட்டுகிறது: இல் பர்லெ கான் ஜெ ஸ்வி ஆன்த்ரே. ‘அந்தக் காலத்தில் நன்றாகப் பிரெஞ்சு பேசினார்’ என்றால் தமிழில் சாதாரண இறந்தகாலம் வந்தாலும் பிரெஞ்சில் ஆம்பர்ஃபெதான், ஏனென்றால் அது நிலை. அந்த வினையைப் ‘பேசிக்கொண்டிருந்தார்’ அல்லது பழக்கப் பொருளில் ‘பேசுவார்’ என்று மாற்றினால் பொருள் கெடவில்லையா? அப்படியென்றால் ஆம்பர்ஃபெ. பத்தில் ஒன்பது இடத்தில் இந்தச் சோதனை காப்பாற்றும்.

மேலே ‘ஆன்த்ரே’வுக்கு முன் அவ்வார் வராமல் எத்ர் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளும், தன்னைத்தானே குறிக்கும் ‘ஸெ’ சேர்ந்த எல்லா வினைகளும் எத்ரைக் கேட்கும். ஒழுங்கான ஈ-ஆர் வினைகளில் வந்துசேர், நுழை, தங்கு, விழு, ஏறு, திரும்பு என்ற பொருளுள்ளவை இந்தக் கூட்டத்தில் உண்டு. எத்ர் வந்தால் பர்திஸிப் எழுவாயோடு இசைய வேண்டும்: பெண்ணுக்கு ஒரு ஈ, பன்மைக்கு எஸ். ஒலி மாறாது.

அவ்வார் வந்தால் எழுவாயைப் பார்க்கவே வேண்டாம். செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதோடு இசையும். ‘நான் பேசிய மொழிகள்’ என்பதில் மொழிகள் முன்னால் வந்துவிட்டன, பெண்பால் பன்மை. எனவே பர்திஸிப்பில் ஈ-எஸ் சேரும். இதற்குள் ஒரு நுட்பமான பொறி: ‘அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள்’, எல் ஸெ ஸோன் பர்லே. எத்ர் வந்திருக்கிறது, எழுவாய் பெண்பால் பன்மை, ஆனாலும் எதுவும் சேர்க்கக் கூடாது. பிரெஞ்சில் ஒருவரிடம் பேசுவது ‘ஆ’ என்ற முன்னிடைச் சொல்லோடு வரும். ஆகவே ‘ஸெ’ இங்கே செயப்படுபொருள் அல்ல, நான்காம் வேற்றுமை மாதிரி. படித்த பிரெஞ்சுக்காரர்களும் இங்கே ஈ-எஸ் சேர்த்துவிடுவதுண்டு.

இனி ஒரே ஒலியில் வரும் ‘பர்லே’க்கள். ஈ-ஆர், தலைக்கோட்டு ஈ, ஈ-இஸட் ஆகிய மூன்றில் எதை எழுதுவது? தாய்மொழிக்காரரும் தடுமாறும் இடம் என்பதால் அவர்கள் கையாளும் சோதனையே நமக்கும் போதும்: அந்த இடத்தில், இந்த ஒலிக்குழப்பம் இல்லாத ‘வான்த்ர்’ (விற்க) வினையை வைத்துப் பாருங்கள். ‘வான்த்ர்’ பொருந்தினால் ஈ-ஆர். ‘வான்த்யு’ (விற்ற) பொருந்தினால் தலைக்கோட்டு ஈ. ‘வான்தே’ என்ற நீங்கள்-வடிவம் கேட்டால் ஈ-இஸட். முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும், முடி, வேண்டு, வேண்டும் போன்ற வினைகளுக்குப் பின்னும் எப்போதும் ஈ-ஆர்தான்.

ஏவலும் ஸுப்ஜோன்க்திஃபும்

ஏவலுக்கு நிகழ்காலத்தின் மூன்று வடிவங்கள், பிரதிப்பெயர் இல்லாமல்: பர்ல், பர்லோன், பர்லே. நீ-வடிவத்தில் மட்டும் எழுத்தில் இருந்த எஸ் உதிர்ந்துவிடும். பின்னால் ‘ஆன்’ (அதைப் பற்றி) அல்லது ‘இ’ (அங்கே) ஒட்டினால் உதிர்ந்த எஸ் திரும்பி வந்து ஃஸ் என்று ஒலிக்கும்: பர்ல் ஃஸான், அதைப் பற்றிப் பேசு. இரண்டு உயிர் மோதாமல் இருக்கத்தான். கேள்வியில் ‘இல்’ என்ற பிரதிப்பெயரை வினைக்குப் பின்னால் தள்ளும்போது நடுவில் ஒரு டீ வருவதும் இதே காரணத்துக்கு: பர்ல்-த்-இல்? எதிர்காலத்தில் பர்லெரா-த்-இல்? ஆம்பர்ஃபெயில் ஏற்கெனவே டீ இருப்பதால் புதிதாக ஒன்றைச் செருக வேண்டாம்.

ஸுப்ஜோன்க்திஃபைக் கண்டு பயப்படுபவர்களுக்கு ஈ-ஆர் வினையில் நல்ல செய்தி. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கும் நிகழ்காலம் போலவே, எழுத்திலும் ஒலியிலும். நாங்கள், நீங்கள் இரண்டும் ஆம்பர்ஃபெ போலவே: பர்லியோன், பர்லியே. ‘நாம் பேச வேண்டும்’, இல் ஃபோ கெ நூ பர்லியோன். எந்தச் சொல் இதைக் கேட்கும் என்பதுதான் படிக்க வேண்டியது: வேண்டும், விரும்பு, அஞ்சு என்பவற்றின் பின்வரும் ‘கெ’, ‘-ஆக வேண்டி’, ‘-உம் முன்’, ‘-ஆலும்’ என்ற பொருள் தரும் இணைப்புகள். ‘நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன்’ என்ற ‘எஸ்பேரே’ இதைக் கேட்காது. ‘-த பின்’ என்ற ‘ஆப்ரெ கெ’யும் இலக்கணப்படி கேட்காது, ஏனென்றால் நடந்து முடிந்ததைச் சொல்கிறது, ஆனால் ‘முன்’ என்பதைப் பார்த்துப் ‘பின்’னுக்கும் போட்டுவிடுவது பிரான்சு முழுக்கக் கேட்கும் வழக்கம்.

எழுத்துமொழியின் இறந்தகாலமான பாஸே ஸாம்ப்ள், ஸுப்ஜோன்க்திஃபின் ஆம்பர்ஃபெ ஆகியவை நாவலுக்கும் வரலாற்றுக்கும் உரியவை. எழுதப் பழக வேண்டாம், அடையாளம் தெரிந்தால் போதும். ‘இல் பர்லா’ பேசினான், ‘இல் பர்லெர்’ பேசினார்கள்: கதைகளில் பெரும்பாலும் இந்த இரண்டுதான் வரும். ‘பர்லாம்’, ‘பர்லாத்’ இரண்டிலும் ஏ-யின் தலையில் கூரைக்குறி உண்டு. ‘பர்லாஸ்’ என்ற இழுவை கண்ணில் பட்டால் அது பழைய ஸுப்ஜோன்க்திஃப். நிகழ்கால ஸுப்ஜோன்க்திஃப் என்றே பொருள்கொண்டு மேலே படியுங்கள்.

ஒழுங்கானவைக்குள் சின்னக் கோணல்கள்

பிரெஞ்சு வினைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஈ-ஆர் கூட்டம். புதிதாகப் பிறக்கும் வினைகளும் இங்கேதான் சேர்கின்றன. உண்மையான விலக்கு என்று சொல்லத்தக்கவை ‘போ’ என்ற ‘ஆலே’யும், எதிர்காலத்தில் மட்டும் முரண்டுபிடிக்கும் ‘அனுப்பு’ என்ற ‘ஆன்வ்வாயே’யும். மற்றவற்றில் பார்க்கும் மாற்றமெல்லாம் ஒலியைக் காப்பாற்ற எழுத்து செய்யும் சமாளிப்பு. ‘மான்ஜே’ (சாப்பிடு) வினையில் ஜி-க்குப் பின் ஓ அல்லது ஏ வந்தால் ஒலி ‘க’ ஆகிவிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு ஈ. அதனால் மான்ஜோன் என்பதிலும், ‘ஜெ மான்ஜெ’ என்ற ஆம்பர்ஃபெயிலும் ஈ உண்டு. ‘நூ மான்ஜியோன்’ என்பதில் ஐ வருவதால் ஈ வேண்டாம். ‘கொமான்ஸே’ (தொடங்கு) வினையில் அதே வேலையைச் சி-யின் காலில் தொங்கும் வால் செய்கிறது.

பகுதியின் கடைசியில் ஊமை ஈ இருக்கும் ‘ஆஷ்தே’ (வாங்கு), ‘ஆப்லே’ (அழை) போன்றவற்றில், விகுதியும் ஊமையானால் முன்னுள்ள ஈ வாய் திறந்தே ஆக வேண்டும். முதலாவது அதை இடப்புறம் சாய்ந்த தலைக்கோட்டால் காட்டும், இரண்டாவது ‘எல்’ என்ற எழுத்தை இரட்டித்து. எது எந்த வகை என்பதில் இருந்த குழப்பத்தை 1990 எழுத்துத் திருத்தம் குறைத்தது: ‘ஆப்லே’, ‘ஜெதே’ (எறி) குடும்பங்கள் மட்டும் இரட்டிக்கட்டும், மற்றவை தலைக்கோடு போடட்டும் என்றது. இரண்டு எழுத்துமுறையும் இன்று ஏற்கப்படுகின்றன.

கடைசியாக, உயிரில் முடியும் பகுதிகள். ‘எத்யுதியே’ (படி) வினையின் எதிர்காலம் ‘ஜெத்யுதிரே’ என்று ஒலிப்பதால் நடுவில் உள்ள ஈயை விட்டுவிடுவார்கள். அகராதி வடிவம் முழுதாக நிற்க வேண்டும் என்ற விதியை நினைத்தால் ஈ தானாக வரும். ‘நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம்’ என்ற ஆம்பர்ஃபெயில் பகுதியின் ஐ ஒன்று, இடைநிலையின் ஐ ஒன்று: இரண்டு ஐ அடுத்தடுத்து எழுத வேண்டும். அச்சுப்பிழை என்று எண்ணி ஒன்றை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அது நிகழ்காலம்.